விளக்கை அணைக்காத கன்சோல்காரர்

இன்று காலை வைட்ஃபீல்ட் மெட்ரோவில் கூட்டத்தோடு நசுங்கிக்கொண்டே போனில் செய்தி பார்த்தேன். வீடியோ கேம் கன்சோல் செய்யும் அந்தக் கம்பெனியின் பெரிய அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டாராம். வாங்காமல் கோட்டை விட்ட கேம் ஸ்டுடியோக்களைப் பற்றிப் பேட்டி கொடுத்திருக்கிறார். "பெங்களூரில் ஒரு சின்ன ஸ்டுடியோ" என்று நம்மையும் சேர்த்திருக்கிறார். பெயர்கூட ஞாபகமில்லை மனுஷனுக்கு. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் உன் மேல் கோபம் வந்தது. போய்ச் சேர்ந்தவள் மேல் கோபப்படலாமா என்றால், உன் மேல் படலாம்.

பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல், நீ நடத்திய நம் ஸ்டுடியோவின் ஆபீஸ். நீ அந்தத் தெருவிலேயே பிறந்தவள், நான் ஆம்பூரிலிருந்து படம் வரைய வந்தவள். ஆணோ பெண்ணோ, உனக்கு எல்லாரும் 'குரு'தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் படியேறி யார் வந்தாலும், கூரியர்காரரானாலும் உன் சர்ச் ஆன்ட்டியானாலும், கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து, பாதி முடிந்த கேமை ஆட வைப்பாய். அவர்கள் எங்கே திணறினாலும் யாரும் மூச்சு விடக்கூடாது. நான் ஒருமுறை உதவப் போனபோது, "சும்னே இரு குரு. வாங்கறவங்க வீட்டுக்கெல்லாம் போய்ப் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுப்பியா?" என்று உன் கன்னடம் கலந்த தமிழில் அதட்டினாய்.

அந்த அதிகாரி வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். ஸ்டுடியோவை அவர்கள் வாங்கினால் ஒருவருக்கும் வேலை போகாது, அதே ஆபீஸில் எல்லாரும் இருக்கலாம். வாங்காவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான். இது உனக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

நம் கேமில் இருட்டு வீட்டுக்குள் ஒரு பெண் விளக்கோடு போவாள். விளக்கை ஊதி அணைத்தால்தான் படிக்கட்டுக்கு அடியில் கசியும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும். அதுதான் வழி. அதிகாரி அணைக்கவே இல்லை. விளக்கைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராக முட்டினார். நாங்கள் வழக்கம்போல அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு நாக்கு துடித்தது. உன்னைப் பார்த்தேன், நீ வேண்டாமென்று தலையாட்டினாய். அவர் சிரித்துக்கொண்டே கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். மரியாதைக்கு ஒரு துண்டு பிளம் கேக் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். கொஞ்ச நாளில், வாங்குவதாக இல்லை என்று பணிவாக ஒரு மெயில் வந்தது.

"'விளக்கை அணைங்க சார்'னு ஒரு வார்த்தை! சொன்னா என்னடி கொறஞ்சா போயிடும்?" என்று கத்தினேன்.

"கொறஞ்சுதான் போகும் குரு. அப்போ அது அவர் கண்டுபிடிச்சதா, நாம ஊட்டி விட்டதா?" என்றாய். ஐயோ, உன் பிடிவாதம்!

பிறகு வேறொரு கம்பெனி கேமை மட்டும் வாங்கிக்கொண்டது. ஆட்கள் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. ஒருவன் எலெக்ட்ரானிக் சிட்டி போனான், நான் வைட்ஃபீல்ட் வந்தேன், மற்றவர்கள் திசைக்கு ஒருவராகப் போனார்கள். கேம் வெளிவந்தது. ஆடியவர்கள் தாங்களாகவே விளக்கை அணைத்தார்கள், அந்த இடத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதினார்கள். கன்சோல்காரர்கள் மறுபடி விசாரித்து வந்தபோது வாங்குவதற்கு ஸ்டுடியோ என்று ஒன்றும் மிச்சமில்லை. கேம் ஜெயித்த சந்தோஷத்தை நாம் சேர்ந்து கொண்டாடவுமில்லை. உனக்கு அதற்குள் உடம்பு கெட்டுவிட்டது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்று, மாத்திரை மயக்கத்திலிருந்து விழித்து, நேராக அந்த வெள்ளிக்கிழமைக்குத்தான் வந்தாய்.

"அன்னிக்கு நான் அந்தாளுக்குச் சொல்லியிருக்கணுமா குரு?"

நான் போர்வையைச் சரிசெய்தேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். நீ காத்திருந்தாய். உதவாமல், அவசரப்படுத்தாமல், என் கைகளையே பார்த்துக்கொண்டு. அப்புறம் களைத்துத் தூங்கிப் போனாய்.

சொல்லியிருக்கணும்டி. கேம் கொஞ்சம் கெட்டிருக்கும், பரவாயில்லை. நாம் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்திருப்போம். அன்று உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.