உன் கல்வெட்டின் கடைசிப் பக்கம்

தம்பி,

இன்று காலை நயினாதீவுப் படகில் மாம்பழ மணம் வந்தது. மார்கழியில் எந்த வீட்டு மாமரத்தில் பழம்? திரும்பிப் பார்த்தேன். ரியூசனுக்குப் போகும் இரண்டு பெண் பிள்ளைகள் புத்தகப் பையால் முகத்தை மறைத்துக்கொண்டு மாம்பழ வாசனை போட்ட வேப் என்ற மின்சிகரெட்டை மாறி மாறி இழுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உன் பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டைத் தோய்க்க எடுத்தபோது அதன் பையில் அகப்பட்டதும் இதே சாமான்தான். கனடாவிலிருந்து வந்த மாமா சொக்லேற்றோடு சேர்த்து உனக்குக் கொண்டுவந்து தந்தது. "அக்கா, இது சிகரெட் இல்லை, வெறும் ஆவி. அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ" என்று கெஞ்சினாய். நான் சொல்லவில்லை. பதினேழு வயதுப் பெடியனுக்கு இவ்வளவு சலுகையாவது வேண்டாமா என்று நினைத்தேன். அம்மாவோ, "என்ர பிள்ளையின்ர சேட்டில ஒருநாளும் சிகரெட் மணம் இல்லை" என்று ஊரெல்லாம் பெருமை பேசினா. அவ சொன்னதில் பொய்யுமில்லை.

பிறகு இருமல் வந்தது. சாட்டிக் கடலில் எல்லாரையும் முந்தி நீந்தியவன், நாலு படி ஏறுவதற்குள் நின்று மூச்சு வாங்கினாய். குளிர்காலச் சளி, தடிமன் என்று நாங்கள் கொத்தமல்லி அவித்துத் தந்தோம். காய்ச்சல் ஏறி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனபோது, அம்மாவை வைத்துக்கொண்டே டாக்குத்தர் என்னிடம் கேட்டார்: "தம்பி சிகரெட், வேப் ஏதும் இழுக்கிறவரோ?" கட்டிலில் கிடந்தபடி நீ என் கையை இறுக்கினாய். நான் "இல்லை" என்றேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் டாக்குத்தரிடம் உண்மையைச் சொன்னேன். "ஏற்கெனவே பழுதான நுரையீரலில கிருமி பிடிச்சிட்டுது. முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றார். சொல்லியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் நீ போய்விட்டாய்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு ஊரவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தை எழுதும் வேலை எனக்கு வந்தது. "திடீர்க் காய்ச்சல் எண்டு மட்டும் போடு பிள்ளை. குடும்ப மானம் கப்பலேறப் போகுது" என்று மாமா தொலைபேசியில் சொன்னார்.

"ஏறட்டும் மாமா. தீவில பிறந்த மானம் வேறை எதில ஏறிப் போறது?" என்றேன்.

அவர் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. அம்மா மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. புத்தி சொல்ல வந்த உறவுகளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். உன் மூச்சைவிட எங்கள் மானம் என்ன பெரிய மானம்? தேவாரங்களெல்லாம் முடிந்த பிறகு, கடைசிப் பக்கத்தில் உன் படத்துக்குக் கீழே அச்சடித்தேன்: "வேப் இழுத்தான். நுரையீரலில் கிருமி பிடித்து இறந்தான். டாக்குத்தர் கேட்டபோது அவனுடைய அக்கா மறைத்தாள்."

மிஞ்சிய கல்வெட்டுகளை நான் கைப்பையில்தான் கொண்டு திரிகிறேன். இன்று ஒன்றை எடுத்து அந்தப் பிள்ளைகளிடம் நீட்டினேன்.

"இது சிகரெட் இல்லை அக்கா" என்றாள் ஒருத்தி, உன்னைப் போலவே.

"கடைசிப் பக்கத்தை வாசியும்" என்றேன்.

வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். படகு குறிகட்டுவான் துறையை அணைந்தபோது என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அந்த அக்கா நீங்களோ?"

"ஓம்" என்றேன், படகில் இருந்த எல்லாருக்கும் கேட்க. அன்று டாக்குத்தரிடம் சொல்லியிருக்க வேண்டிய சொல், தம்பி.