இருபத்து நான்கு வருடம் சொல்லாத பெயர்

கோச்கோர், கிர்கிஸ்தான், மே 9

அன்பு மகள் பெகாயிமுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பா, தாத்தா, நான், இரண்டு பசு, பதினேழு ஆடு, அந்தக் கிழட்டுக் குதிரை எல்லோரும் சுகம், அங்கே கொரியாவில், பூசானில் நீயும் உன் அறைத்தோழியும் அப்படியே இருக்க வேண்டும். கறுப்புப் பசு மார்ச்சில் கன்று போட்டது, கிடாரி, நெற்றியில் வெள்ளை. சனிக்கிழமை விமானம் ஏறும் பக்கத்து வீட்டு மிர்லான் கையில் இந்தக் கடிதமும், ஒரு பை உலர்தயிர் உருண்டையும், கம்பளிக் காலுறையும் கொடுத்து விடுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை உன் அப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார், இது அவர் காதுக்கு இப்போது போகக் கூடாத விஷயம். விடியுமுன் பிஷ்கெக்குக்கு டாக்ஸி ஓட்டிக்கொண்டு போக வேண்டுமென்று அவர் படுத்துவிட்டார். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், உன் அம்மா பள்ளிக்கூடம் போகிறாள். ஒன்பதாம் வகுப்போடு ஆட்டுக்குப் பின்னால் போனவள், சென்ற செப்டம்பரிலிருந்து செவ்வாயும் வியாழனும் மாலைப் பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். வீட்டில் சுகாதார நிலையத்தில் மாலை வேலை என்று சொல்லியிருக்கிறேன். ஒன்பது வருடமாக அங்கே தரை துடைக்கிறேன், பள்ளிச் சான்றிதழ் இருந்தால் நரின் நகரில் நர்ஸ் படிப்பில் சேரலாம் என்று அங்கிருக்கும் நர்ஸ்தான் சொன்னாள். முன்பு இந்தப் பேச்சை எடுத்தபோது உன் அப்பா, நாற்பத்து மூணு வயசுல நீ புத்தகப் பை மாட்டிக்கிட்டுப் போனா நம்ம குதிரையே சிரிக்கும்டீ என்றார். கெட்ட மனது கிடையாது, உனக்குத் தெரியும், ஆனாலும் அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை. மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டேன். இருபதாம் தேதி ஆங்கிலக் கட்டுரை, அது ஒன்றுதான் பாக்கி. அதில் விழுந்தால் அடுத்த வருடம்தான், இன்னொரு வருடம் இந்தப் பொய்யைத் தூக்கிச் சுமக்க என்னால் ஆகாது.

நான் மதிக்கும் ஒருவர் என்பதுதான் தலைப்பு, முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், வீட்டில் எழுதிப் பழகலாம், தேர்வன்று அந்தத் தாளைப் பார்க்கக் கூடாது. நான் உன் தாத்தாவை எடுத்துக்கொண்டேன். இருபத்து நான்கு வருடம் முன்பு மருமகளாக வந்த முதல் வாரம் பயத்தில் அவர் கிண்ணத்தில் தேநீரை விளிம்பு வரை ஊற்றிவிட்டேன், அது மாமனாரைப் பார்த்து, குடித்துவிட்டு எழுந்து போ என்று சொன்னதற்குச் சமம், விருந்தாளிகள் முகமெல்லாம் மாறிவிட்டது. அவர் மட்டும் நிதானமாகக் குடித்து, நல்லதாப் போச்சு, பொண்ணு ரெண்டு தடவை எந்திரிக்க வேணாம் பாரு என்றார். அதை எழுதினேன். நாசிரா டீச்சர், உன் வயதுதான், பிஷ்கெக்கில் வளர்ந்த பெண், படித்துவிட்டு, அக்கா கட்டுரை நல்லாதான் இருக்கு, ஆனா இவரு யாரு, பேரே இல்லாத ஆளுக்கு நான் எப்படி மார்க் போடுறது, பேர் எழுதணும்னு கேள்வியிலேயே இருக்கே என்றாள். மாமனார் பெயரை மருமகள் சொல்வதில்லை என்று அவளுக்கு எப்படி விளக்குவது. பக்கத்து பெஞ்சில் உட்காரும், டிராக்டர் ஓட்டும் ஓமுர்சாக், இங்கிலீஷ்லதானே எழுதறீங்க அண்ணி, மாமனாருக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே என்றான். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமேடா என்றேன். வகுப்பே சிரித்தது. பிறகு ஆளை மாற்றி என் அப்பாவைப் பற்றி எழுதிப் பார்த்தேன், நான்கு வரிக்கு மேல் நகரவில்லை. மறுபடி தாத்தாவிடமே வந்து, பெயர் வரும் இடத்தை மட்டும் காலியாக விட்டு, பக்கத்துக்கு ஒரு தடவையாக அதே கட்டுரையைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகினேன்.

போன ஞாயிறு தாத்தா மதியத் தூக்கத்துக்குப் போர்வை அடுக்கிலிருந்து ஒன்றை உருவியபோது, நான் உள்ளே ஒளித்திருந்த கட்டுரை நோட்டு விழுந்தது. நான் பால் வாளியோடு உள்ளே வருகிறேன், அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர், ஏம்மா, பதினோரு பக்கத்துலயும் ஒரே எடத்துல ஓட்டை விட்டிருக்கியே, எலி கடிச்சுதா என்றார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அழவும் செய்தேன். எழுதினதை நம்ம பேச்சில் சொல்லச் சொன்னார். தேநீர் வந்த இடத்தில், அன்னைக்கு நாக்கு வெந்துபோச்சு, அதையும் சேர்த்துக்க என்றார். பிறகு அந்த ஓட்டை மேல் விரலை வைத்து, இங்கதான் நானா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தாடியைத் தடவிவிட்டு, வாயால சொல்லக் கூடாதுன்னுதான் பெரியவங்க சொன்னாங்க, கையைப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியே, எழுதும்மா, பேரில்லாம என்னை எவன் நம்புவான் என்றார். அதிலிருந்து அவர் என் கட்சி. வியாழக்கிழமை உன் அப்பா, இவளுக்கு இன்னைக்கும் வேலையா என்று கேட்டதற்கு, நோயில விழறவன் உன்னைக் கேட்டுக்கிட்டா விழறான் என்று தாத்தா அவர் வாயை அடைத்துவிட்டார்.

பயம் போய்விட்டதா என்றால் இல்லை. ஐந்து நாளாகக் கட்டுரை முழுக்க ஓடுகிறது, அந்த இடம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. இன்றைக்கு உனக்கு எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். உன்னிடம் எழுதிவிட்டால் தேர்வறையிலும் எழுதிவிடுவேன்.

நீ காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே, காலுறையைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் போட்டுக்கொள். உன் உழைப்புக்கு நல்ல பெயர் வரட்டும், போகும் வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும், நல்லபடியாக வீடு வந்து சேர். இருபதாம் தேதி காலை என்னை நினைத்துக்கொள், ஆனால் போன் செய்யாதே. அப்பாவிடம் தேறின பிறகு நானே சொல்லிக்கொள்கிறேன், குதிரை சிரித்தால் சிரிக்கட்டும்.

உன் அம்மா
கன்ய்ஷாய்

தாளைத் திருப்பிப் பார். கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதிவிட்டேன்.

என் மாமனார் பெயர் கெங்கெஷ்.