அம்மா நிறுத்திய கூனிக் குளிசை

நொய்கெல்ன், பேர்லின்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தங்கச்சி சாரங்காவுக்கு,

எல்லோரும் சுகம், உன் சுகத்தை அறியத் தா என்று அப்பா கடதாசியில் எழுதுவார், அம்மா அதைக் கைத்தொலைபேசியில் தட்டித் தென்துருவக் கடலில் நிற்கும் உன் கப்பலுக்கு அனுப்புவார். இந்தத் தடவை தட்ட அம்மா இல்லை, எழுத அப்பாவால் முடியவில்லை, நீயே எழுது எண்டு என் பக்கம் கடதாசியைத் தள்ளிவிட்டார். இங்கே ஒருவரும் சுகமில்லை. நீயும் சுகமில்லை என்று தெரியும். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவைத் தகனம் செய்தோம். மண்டபத்தை ஒரு மணித்தியாலத்துக்குத்தான் தந்தார்கள், ஐயர் அவசர அவசரமாக மந்திரம் சொன்னார், வாசலில் அடுத்த குடும்பம் பூ வளையத்தோடு காத்து நின்றது. கோயில் சனம் முழுக்க வந்திருந்தது, அம்மாவோடு துப்புரவு வேலை செய்த துருக்கிப் பெண்கள் இரண்டு பேர் வந்து கடைசி வரிசையில் நின்று அழுதார்கள். வாய்க்கரிசி போடும் நேரம் அப்பா ஒருமுறை போட்டார், பிறகு விலகாமல் நின்று இன்னொரு பிடி அள்ளினார். ஐயர் ஒருக்காப் போட்டாக் காணும் எண்டார். அப்பா, இது சாரங்காவின்ரை எண்டு சத்தமாகச் சொல்லிவிட்டுப் போட்டார். இதை நீ முதலில் அறிய வேண்டும், ஏனென்றால் இனி நான் எழுதப் போவதும் அதே அப்பாவைப் பற்றித்தான்.

உன் இரண்டு வரிச் செய்தி கிடைத்தது. வியாழன் வரும் சரக்குக் கப்பலில் ஏறுகிறேன், இனி இந்த வேலைக்குப் போகமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். ஏன் என்று எழுதவில்லை. எழுதத் தேவையில்லை. அம்மா போன அன்று அப்பா கப்பலுக்குத் தொலைபேசி எடுத்து, உன்ரை கூனிக்காகத்தானே அவள் குளிசையை விட்டவள் எண்டு கத்தியபோது நான் பக்கத்தில் நின்றேன். அவர் கையிலிருந்து தொலைபேசியைப் பறிப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அதன் பிறகு நீ ஒருவருக்கும் பதில் போடவில்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், கேள். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கண்ட நாளிலிருந்து அப்பா மருந்துச் சாமான் கடையில் அந்தச் சிவப்பு எண்ணெய்க் குளிசையை வாங்கி வருவார், இதயத்துக்கு நல்லது எண்டு போத்தலில் போட்டிருக்குது என்பார். போன குளிர்காலம் நீ வந்து, இது நான் மீன்பிடிக் கப்பலில் நின்று அளந்து பதிகிற கிரிலை, அதுதான் அந்தக் கூனி இறாலை, பிழிந்து எடுக்கிறது, திமிங்கிலமும் பென்குயினும் தின்கிற சாப்பாடு என்று சொல்லிக் குஞ்சுகளின் படம் காட்டினாய். அடுத்த நாளே அம்மா போத்தலைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். என்ரை பிள்ளை குளிருக்கை நிண்டு எண்ணுறாள், நான் இஞ்ச இருந்து விழுங்கிறதோ எண்டார். கோயிலில் யாரோ, படிச்சுப் போட்டுக் கூனி அளக்கிறாளாம் எண்டு நக்கலடிக்க, ஓம் அளக்கிறாள், உன்ரை மகன் என்னத்தை அளக்கிறான் எண்டு கேட்டுவிட்டு வந்தவர் அவர். மருத்துவர் தந்த இரத்த அழுத்தக் குளிசையை மட்டும் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

அம்மாவின் நெஞ்சுக்குள் இருந்த பெருநாடி கிழிந்தது. அது பல வருடமாக வீங்கி மெலிந்து வந்திருக்கிறது, ஒருவருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. எர்லாங்கனில் நான் செய்வதே உடம்புக்குள் படம் பிடிக்கும் இயந்திர வேலை, அந்தப் படத்தை நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். எண்ணெய்க் குளிசைக்கும் அந்தக் கிழிசலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வாளிக்கணக்கில் குடித்திருந்தாலும் கிழிந்திருக்கும். என் சொல் காணாது என்று மருத்துவரைச் சந்திக்க டெர்மின் எடுத்து அப்பாவையும் கூட்டிப் போனேன். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார், அப்பா ஓம் ஓம் எண்டு தலையாட்டினார். சுரங்க ரயிலுக்கு நிற்கும்போது, அது சரி, எண்டாலும் போட்டிருக்கலாம் எண்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது, சனம் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஆரையாவது பிழை சொல்லாட்டி எனக்கு மூச்சு விடேலாமல் கிடக்குது தம்பி எண்டார். நான் அவர் கையைப் பிடித்து ரயிலில் ஏற்றினேன்.

மேல்மாடிச் சியாமளா அக்கா எங்களுக்குச் சமைத்துத் தருகிறார். நல்ல மனிசி. ஆனால் நேற்று, மீன் மணத்தோடை ஏவறை எதுக்களிச்சு வருகுது எண்டுதான் அம்மா குளிசையை விட்டவ எண்டு தங்கச்சிக்கு எழுதிவிடு, பிள்ளை ஆறும் எண்டார். நான் எழுதமாட்டேன். அம்மா உனக்காகத்தான் விட்டவர். அது உண்மை. அதனால் அவர் சாகவில்லை. அதுவும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள உனக்குத் தெரிய வேண்டும், அளந்து எழுதுவதுதானே உன் தொழில். ஒரேயொரு வலையைப் பார்த்துவிட்டு யாராவது கடல் முழுக்கக் கணக்குச் சொன்னால் அந்தத் தாளைக் கிழித்துப் போடுவாய், உன் விஷயத்தில் மட்டும் ஏன் மொக்குத்தனமாக யோசிக்கிறாய்?

வேலைக்காக நில் என்று சொல்ல நான் வரவில்லை. நீ இறங்கினால் வேறொருவர் ஏறுவார், உலகம் நின்றுவிடாது. ஆனால் போன மாதம் வலைக்குள் இளம் திமிங்கிலம் ஒன்று செத்துக் கிடந்ததையும், பதியாமல் விடச் சொல்லிக் கப்பல்காரர் இரண்டு பேர் கேட்டும் நீ பதிந்ததையும், பிறகு அறைக்குள் போய் வாந்தி எடுத்ததையும் எழுதியிருந்தாய். அம்மா அதை வாசித்துவிட்டு, பிள்ளைக்கு ஆர் முதுகு தடவிவிட்டது எண்டு கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அந்த வேலையை விடு என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எனக்கு இதை எழுதும்போது திரை தெரியவில்லை, பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை அடுத்த மாதம். வியாழன் ஏறினால் அதற்கு வந்து சேரலாம். அழ வருவதென்றால் வா, விமான நிலையத்தில் நான் நிற்பேன், சேர்ந்து அழுவோம். தண்டனை வாங்க வருவதென்றால் ஏறாதே, இந்த வீட்டில் உனக்குத் தண்டனை தர ஒருவருக்கும் உரிமை இல்லை, அப்பாவுக்கும் இல்லை. வேலையை விடுவதா என்பதைக் கோடை வந்த பிறகு யோசி, இப்போது யோசிப்பது எதுவும் சரியாக வராது. நான் அடுத்த கிழமையும் இங்கேதான் இருக்கிறேன், அப்பாவைத் தனியே விட ஏலாது, தேத்தண்ணீரை இன்னும் இரண்டு கோப்பையில் ஊற்றுகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு. செத்தவீட்டுத் துடக்கோடை மீன் மச்சம் தொடலாமோ எண்டு அப்பா கேட்கிறார், அளக்கிறவள் தொடத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மிதவைச் சட்டை போடாமல் மேல்தளத்துக்குப் போகாதே. எங்களுக்கு வாழ்த்துச் சொல்கிறவர் போய்விட்டார், ஆகையால் நானே சொல்கிறேன்: நீ நல்லாயிருக்க வேண்டும், முருகன் உன்னோடு நிற்பார். சிரிக்காதே. இதை வாசித்த உடனே ஒரு சொல்லாவது பதில் போடு.

உன் அண்ணன்
பிருந்தன்

இதை அனுப்ப முன்னம் அப்பா வாங்கி வாசித்தார். கீழே இருப்பது அவர் எழுதியது, அப்படியே தட்டியிருக்கிறேன்.

பிள்ளை, அண்ணன் எழுதினது முழுக்க வாசிச்சன். அண்டைக்கு நான் சொன்னது பிழை. அம்மா இருந்திருந்தா அந்த இடத்திலையே என்னைக் கிழிச்சிருப்பா. இப்ப என்னை ஏச வீட்டிலை ஒருத்தருமில்லை. நீ போன் எடு. எடுத்து ஏசு.

அப்பா