நமது நிருபருக்கு

அன்பு மகனுக்கு,

நானும் அப்பாவும் நலம். அப்பாவின் வயிறும் நலம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டுப் போனில் பேசுவது எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துவிட்டதால் காகிதத்தில் எழுதுகிறேன். காலையிலிருந்து எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

"ரொட்டிக் கடையில் பன் சாப்பிட்ட பலருக்கு வயிற்றுக் கோளாறு" என்று உங்கள் பத்திரிகையில் வந்ததல்லவா? நம் தெருமுனைக் கடைதான். அப்பா அதை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். "நான் சொன்னப்ப சிரிச்சியே, இப்ப பேப்பர்லயே போட்டுட்டான் பாரு" என்றார்.

பூண்டு எல்லா நோயையும் தீர்க்கும் என்ற செய்தியை உனக்கு அனுப்பியதற்காகப் போன தடவை எனக்குப் பாடம் எடுத்தாயே, நினைவிருக்கிறதா? "யார் எழுதினது, யார் சொன்னது, வேற யாராவது சொல்றாங்களா, இதெல்லாம் பாரும்மா. கண்ணை மூடிக்கிட்டு ஃபார்வர்ட் பண்ணாத" என்றாய். அப்படியே செய்து பார்த்தேன்.

எழுதியது 'நமது நிருபர்' என்றிருந்தது. நமது என்றால் யாருக்கு நமது என்று அப்போது தோன்றவில்லை.

வேறு யாராவது சொல்கிறார்களா என்றால், தாராளமாகச் சொல்கிறார்கள். போனில் நாலைந்து இடங்களில் அதே செய்தி, அதே எழுத்துப்பிழையோடு. ஓரிடத்தில் மட்டும் பலர் 'நூற்றுக்கணக்கானோர்' ஆகியிருந்தார்கள். நம் தெருவில் அத்தனை பேர் இல்லை.

சொன்னது 'பெயர் வெளியிட விரும்பாத அப்பகுதிவாசி ஒருவர்'. பன்னைத் தின்றதும் வயிற்றுக்குள் சலவை இயந்திரம் ஓடுவது போல் இருந்ததாம். அப்பா அந்த இடத்தில் நிறுத்தி, "பாரு, எவனோ ஒருத்தன், அவனுக்கும் எனக்கு வந்த மாதிரியே வந்திருக்கு" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அஜீரணம் வந்தால் "வயித்துக்குள்ள வாஷிங் மெஷின் ஓடுதுடி" என்று சொல்லும் மனிதர் இந்தப் பகுதியில் ஒருவர்தான். அதைச் சலவை இயந்திரம் ஆக்கியது மட்டும் உன் கைவேலை. தமிழ் நன்றாக இருந்தது.

நடந்தது இதுதான். வயிறு கெட்டதற்கு முந்தின நாள் அப்பா ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் போனுக்குச் சார்ஜ் போட்டார். செய்தி படிக்க வேண்டுமே. திரும்ப மாட்டவில்லை. மறுநாள் பாலை அடுப்பில் வைத்தேன், திரிந்துபோனது. அதற்குள் அவர் ஒரு டம்ளரைப் பச்சையாகவே குடித்திருந்தார், பாதிப் பன்னோடு. மீதிப் பாதியைத் தின்றவள் நான். எனக்கு எந்த இயந்திரமும் ஓடவில்லை. பால்தான் காரணம் என்றேன். "அது நம்ம வீட்டுப் பால்" என்றார். அன்றுதான் நீ போனில் பேசினாய். "இந்த ஏரியால பல பேருக்கு இப்படித்தான்டா" என்று அவர் உன்னிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. தனியாகக் கஷ்டப்பட்டு அவருக்குப் பழக்கமில்லை. அந்தப் பல பேர் யார் என்று நீ கேட்பாய் என்றுதான் நினைத்தேன்.

கடை மூடிக் கிடக்கிறது. அதிகாரிகள் பன்னைச் சோதனைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். முடிவு வரும்வரை பொறுக்க ஆளில்லை. ஷட்டரில் யாரோ சிவப்புப் பெயிண்டில் 'விஷம்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். கட்டடச் சொந்தக்காரர் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

நேற்று போனேன். கடைக்காரி மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஷட்டரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நமது நிருபர் யாரென்று அவளுக்குத் தெரியாது. "அக்கா, உங்க பையன் பெரிய பேப்பர்லதான இருக்கான்? எவனோ உக்காந்த இடத்துலயே எழுதிட்டான்க்கா. தம்பிய ஒரு தடவை நேர்ல வந்து பாக்கச் சொல்லுங்க. அடுப்பு, மாவு, எல்லாத்தையும் திறந்து காட்டுறேன். தம்பி எழுதினா எல்லாரும் நம்புவாங்க" என்றாள். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "சொல்றேன்" என்று மட்டும் வந்தது.

அந்த அப்பகுதிவாசி நீங்கள்தான் என்று அப்பாவிடம் இன்று சொன்னேன். "நான் எப்ப பேட்டி குடுத்தேன்?" என்றார். பிறகு பேப்பரை மடித்து வைத்தார். அப்போதிலிருந்து ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டிருக்கிறார். காபி கூடக் கேட்கவில்லை.

உன் வேலைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது. உட்பக்கத்தில் ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் 'வருந்துகிறோம்' என்று போட்டு முடித்துக்கொள்ளலாம் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதே. ஷட்டரில் எழுதியவன் பொடி எழுத்தில் எழுதவில்லை.

இந்த வாரமே புறப்பட்டு வா. வீட்டுக்குப் பிறகு வரலாம், முதலில் அங்கே போ. பூட்டியிருக்கிறதே என்று திரும்பிவிடாதே, தட்டு. உள்ளேதான் இருப்பாள். எல்லாவற்றையும் திறந்து காட்டுவாள். அவள் தொடங்குவதற்கு முன் நீ யாரென்று சொல்லிவிடு, கண்ணே. என்னால் முடியவில்லை.

நீ தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்றே எப்போதும் வேண்டிக்கொள்ளும்,
அம்மா