ஐந்து நிமிட மணி

மார்ச் 3, செவ்வாய்
காலையிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை. பெரிய நாட்டின் அதிபர் நம் குட்டித் தீவு நாட்டுக்கு, அதுவும் நான் மணி அடிக்கிற நாடாளுமன்றத்துக்கே வருகிறாராம்! போகிற இடமெல்லாம் பழைய கூட்டணியைக் கலைத்துப் புது உறவு பேசுகிறவர் என்பதால், அலுவலகத்தில் அவருக்கு 'சம்பந்தி' என்று பேர் வைத்துவிட்டோம். "அவரு கை குடுத்தா ஒரு வாரம் கழுவ மாட்ட நீ" என்கிறாள் அண்ணி. கழுவமாட்டேன்தான்!

மார்ச் 5, வியாழன்
மணிப் பொத்தானைத் துடைத்துத் துடைத்து அதில் என் மூக்கே தெரிகிறது. வாக்கெடுப்புக்கு முன் அதை ஐந்து நிமிடம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். உணவகத்தில், தோட்டத்தில் இருக்கிற உறுப்பினர்கள் ஓடிவருவார்கள். பதினெட்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

மார்ச் 8, ஞாயிறு
மகள் படகில் வந்தாள், ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு. கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டில் நர்ஸிங் படிக்கிறாள்.
"அம்மா, சம்பந்தியோட ஒப்பந்தம் போட்டா அக்கரை சகவாசத்தையே விடணுமாம். துறைமுகத்துல அவங்க போர்க்கப்பல்தான் நிக்குமாம். அப்புறம் படகு ஏது?"
"சும்மா இருடி. சபையில முப்பத்தோரு பேர்ல பாதிக்கு மேல எதிர்ப்பு. ஓட்டுல தோத்துடும்" என்றேன். என்ன பயம்?

மார்ச் 9, திங்கள்
கை கொடுத்தார்! எனக்கு! என்ன உயரம்! பொத்தானைக் காட்டி இது என்ன என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் விளக்கினார். "ஐந்து நிமிடமா? ரொம்ப அதிகம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணிக்கு மூன்று தரம் போன் போட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்
 மதியம் தோட்டத்தில் சம்பந்திக்கு விருந்து. உறுப்பினர்கள் தட்டும் கையுமாக அங்கே. சபையில் பிரதமரின் ஆட்கள் பன்னிரண்டு பேர் மட்டும். சட்டப்படி ஓட்டெடுக்க அது போதும். சபைச் செயலாளர் வந்து என் காதருகே குனிந்தார்.
"இப்போ ஒப்பந்தத்துக்கு ஓட்டு. மணி வேணாம்மா, விருந்தாளிக்கு இடைஞ்சல். அடிச்சதா எழுதிக்கிறோம். நீ போய்ச் சாப்பிடு."
அடப்பாவிகளா! வெளியே தின்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாதா? அப்போ என் பொண்ணு? படகு?
அமுக்கிவிட்டேன். ஐயோ, என்ன சத்தம்! ஜன்னலில் பார்த்தால் மூத்த உறுப்பினர் வாய் நிறைய சோற்றோடு ஓடிவருகிறார், பின்னாலேயே ஒருவர் ஒற்றைச் செருப்போடு. "கையை எடும்மா!" என்று செயலாளர் கத்த, எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இன்னும் மூணு நிமிஷம் இருக்கு சார்!"
ஆதரவு பதினான்கு, எதிர்ப்பு பதினேழு. தோற்றது! தோற்றது!

மார்ச் 11, புதன்
எதிர்பார்த்ததுதான். மாற்றல் உத்தரவு — அடித்தளத்தில், பழைய கோப்புகள் வைக்கிற அறைக்கு. தூசியில் நூறு தும்மல். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மார்ச் 19, வியாழன்
மேலே மணி அடித்தது. என் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கிற பெண். கோப்புக் கட்டை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐந்து நிமிடம். முழுசாக. துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

மார்ச் 22, ஞாயிறு
சம்பந்தி இப்போது பக்கத்துத் தீவில் பேசிக்கொண்டிருக்கிறாராம். அங்கே மணிக்கு யார் இருக்கிறார்களோ?
படகு ஒன்பதரைக்கு வந்தது. இந்தத் தடவை இரண்டு மூட்டை.