ஷட்டரில் இருந்த மூன்று வரி

அன்புப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் நான்கு நாளாக எரிகிறது.

இனத்தையும் மதத்தையும் சொல்லி வெறுப்பைக் கக்குகிறவர்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்று மூன்று வருஷம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேனே, அந்தச் சட்டம் போன மாதம் அமலுக்கு வந்துவிட்டது. பூரித்துப்போய் இருந்தேன். வியாழக்கிழமை காலையில் பால் வாங்கப் போனால், எதிர்வரிசை டெய்லரம்மா கடை ஷட்டரில் கறுப்புப் பெயின்ட்டில் அவள் மதத்தைச் சொல்லி மூன்று வரி வசை. படிக்கவே கூசியது. அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று வீட்டுக்கு ஓடி, தின்னரும் பழைய துணியும் கொண்டுவந்து, அரை மணி நேரம் தேய்த்துச் சுத்தமாக்கினேன். நிமிர்ந்து பார்த்தால், அவளே போலீஸ் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வருகிறாள்! விடியுமுன்பே பார்த்துவிட்டாளாம், போனில் எடுத்த படம் இருட்டில் ஒன்றும் விளங்கவில்லையாம், அப்படியே இருக்கட்டும் என்று தொடாமல் புகார் கொடுக்கப் போயிருக்கிறாள். உங்களை யாரு டீச்சர் அழிக்கச் சொன்னாங்க என்று கேட்டாள். அந்த அதிகாரி வேறு, எழுத்தை அழிச்சதும் நீங்க, சாட்சியும் நீங்களேவா என்று சிரிக்கிறார். முப்பத்தைந்து வருஷம் போர்டு அழிச்ச கை சும்மா இருக்குமா என்று உன் அப்பாவுக்குக் கேலி.

ஸ்டேஷனில் நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். மிகவும் தரக்குறைவான சொற்கள் என்று எழுதிக் கொடுத்தேன். இது வழக்குக்கு உதவாது, அதே வார்த்தை வேணும்மா என்று அந்த அதிகாரி திருப்பித் தந்துவிட்டார். உதாரணம் சொல்லாமல் நான் என்றைக்குப் பாடம் நடத்தினேன், ஆனால் இந்த உதாரணத்தை எழுதக் கை வரவில்லை, சட்டத்தின் மேலும் என் மேலும் ஆத்திரமாக வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். டெய்லரம்மா வாங்கிப் படித்துவிட்டு, என் பொண்ணைப் பத்தின வரியை விட்டுட்டீங்களே என்றாள். மறக்கவில்லை பாப்பா, வேண்டுமென்றேதான் விட்டேன். அதுக்காகத்தான் நான் இங்க வந்ததே, எழுதுங்க டீச்சர் என்று பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக அவளே சொன்னாள். குரல் உடையவில்லை. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வழக்கு நிற்குமோ நிற்காதோ, தெரியாது. நீயும் ஆபீஸ் லிஃப்டில் யாரைப் பற்றியோ கிறுக்கியிருந்ததை உடனே துடைத்துவிட்டேன் என்று போனில் பெருமையாகச் சொன்னாய், நானும் சபாஷ் என்றேன். அந்த சபாஷைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். முதலில் படம் எடு, யாரைத் திட்டியிருக்கிறதோ அவரிடம் கேள், துணி அப்புறம்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழுங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி தேதி நெருங்குகிறது, மறந்துவிடாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா