சிவப்புப் பட்டனை நான் அழுத்தித்தான் இருந்தேன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் நலமா என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது. எழுதியாயிற்று, இருக்கட்டும். என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, ரத்தக் கொதிப்புகூட அளவாக இருக்கிறதாம், மனசுதான் ஆறவில்லை. போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து "ஒரு நிமிஷம்மா, ஒரு நிமிஷம்மா" என்பாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று கேட்டுக்கொண்டு நிற்பேன். அதனால்தான் கடிதம். கூரியரில் போட்டால் ஐந்து நாளில் உன் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். நின்றுகொண்டே மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மேஜையில் போடாதே, உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி.

பாலத்தில் நடந்ததை உன் அக்கா சொல்லித்தான் நீ கேட்டிருக்கிறாய், என் வாயால் ஒரு தடவை கேள். ஆறு வாரம் ஆகிறது. விடியற்காலை, நல்ல பனி, ஆஸ்பத்திரிக்குச் சலவை செய்த படுக்கை விரிப்பு மூட்டைகளோடு வேனில் போய்க்கொண்டிருந்தேன். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாய் குறுக்கே ஓடியது, ஹார்ன் அடித்தேன், பாதிச் சத்தம் வந்து தொண்டை அடைத்த மாதிரி நின்றுவிட்டது. பனிக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். நடுப்பாலத்தில் எஞ்சின் நின்றது, பழைய வண்டி, குளிரில் எப்போதாவது இப்படி நிற்கும். நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுகிற அந்தச் சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டுத்தான் கதவைத் திறந்து இறங்கினேன். பின்னால் போய்ப் பார்ப்பதற்குள் பேப்பர்காரர் பைக்கோடு வந்து மோதிவிட்டார். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. எப்படியோ அவரைத் தூக்கி என் சீட்டில் உட்கார வைத்தேன், ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் அங்கேதான் இருந்தார்.

வண்டியை இழுத்துக்கொண்டு வந்தது மாப்பிள்ளை. ஒரு ஃபியூஸ் போயிருந்ததாம், மோதின அதிர்ச்சியில் போயிருக்கும் என்று தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினார். பட்டனை அழுத்தினார், நாலு விளக்கும் ஜோராக மின்னின. "லைட்டு நல்லாத்தானே எரியுது அத்தை, நீங்கதான் போட மறந்துட்டீங்க" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கண்ணால் பார்த்ததைச் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த பட்டம்தான் மறதி. இருபத்திரண்டு வருஷம் ஓட்டின வண்டியின் சாவி உன் அக்கா பீரோவுக்குள் போனது. நீ போன் செய்து "வயசாகுதில்லம்மா, ஒத்துக்கோயேன், இதுல என்ன கௌரவம்" என்றாய். என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள், அந்தப் பெண் டாக்டர் ஒரு வட்டம் போட்டுக் கடிகாரம் வரையச் சொன்னது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னது. உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும்விடக் கேவலம் என்ன தெரியுமா, நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். அடுப்பை அணைத்தேன், கதவைப் பூட்டினேன் என்று ஒவ்வொன்றையும் காலண்டர் தாளில் எழுதி வைத்தேன். பாலத்தை நினைத்தால் பட்டனை அழுத்தின என் விரல் ஞாபகம் வரும், அதுவும் நானாகக் கற்பனை செய்துகொண்டதோ என்று தோன்றும்.

போன வாரம் வண்டியை வாங்க யாரோ பார்க்க வருகிறார் என்று கழுவி வைக்கச் சொல்லி உன் அக்கா சாவி கொடுத்தாள். கழுவி முடித்து உள்ளே உட்கார்ந்து அந்தப் பட்டனை அழுத்தி, எதிர்ச்சுவரில் விழுகிற மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புண்ணைச் சொறிகிற புத்தி, வேறென்ன. ஸ்டியரிங்கைத் துடைக்கும்போது முழங்கை ஹார்னில் பட்டது. பாதிச் சத்தம், அவ்வளவுதான், அதே நொடியில் நாலு விளக்கும் அணைந்துவிட்டன. காலடியில் இருக்கிற ஃபியூஸ் பெட்டியைத் திறந்து மூடியில் இருக்கிற எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். ஹார்னுக்கும் அந்த விளக்குக்கும் ஒரே ஃபியூஸ். இத்தனை வருஷம் ஓட்டியும் எனக்குத் தெரியாது. புதுசு ஒன்று மாட்டினேன், விளக்கு மின்னியது, ஹார்னை அழுத்தினேன், இரண்டும் போயிற்று. இன்னொன்று மாட்டினேன், அதுவும் போயிற்று. மூன்றாவதை மாட்டாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன், டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு திரிவாரே, அவர்தான். முன்னால் இருக்கிற ஹார்ன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அழுத்திப் பார்த்தார், அப்போதும் ஃபியூஸ் போனது. "ஹார்ன் மேல தப்பில்லம்மா, வர்ற வழியிலதான் எங்கியோ பாடியில தொடுது" என்று ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். எஞ்சினுக்கும் நாம் கால் வைக்கிற இடத்துக்கும் நடுவில் இருக்கிற தகரச் சுவரில் ஒரு ஓட்டை, அதன் வழியாக ஒரு மஞ்சள் ஒயர், ஓட்டையில் ரப்பர் வளையம் கிடையாது. தகர விளிம்பு அறுத்து அறுத்து ஒயரின் தோல் உரிந்து செம்பு பல்லிளித்துக்கொண்டிருந்தது. வண்டி குலுங்குகிறபோது தொடும், இல்லாதபோது விலகும், தொட்டிருக்கிற நேரத்தில் ஹார்னை அழுத்தினால் ஃபியூஸ் போகும், ஃபியூஸ் போனால் விளக்கும் போகும். நாய்க்கு அடித்த ஹார்னோடு அன்றைக்கு என் விளக்கும் போயிருக்கிறது.

"யாரும்மா இதை இழுத்தது" என்று கேட்டார். ஒயரில் டேப் சுற்றியிருந்த இடத்தை நான் பார்த்தேன். நுனியை முக்கோணமாக மடித்து விட்டிருந்தது, அடுத்த தடவை உரிக்கச் சுலபமாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்து நாளிலிருந்து நீ மட்டும் செய்கிற வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது அங்கிருந்து பெட்டியில் கொண்டுவந்து மாட்டினாயே இரட்டை ஹார்ன், அதற்கு இழுத்த ஒயர். ஓட்டை போட்டபோதே ரப்பர் வைக்க வேண்டாமா என்று கேட்டேன், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்றாய். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குக் கோபம் வரவில்லை. கைத்தவறு யாருக்கும் வரும். நீ அம்மாவுக்கு ஆசையாகச் செய்தது, இதை உன் மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். அதற்கு முன்னால் பேப்பர்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அந்தப் புத்தி எனக்கு வராமலே இருந்திருக்கலாம்.

காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவர் மனைவிதான் இப்போது நடந்தே பேப்பர் போடுகிறாளாம். நான் ஒயர் கதையை ஆரம்பித்ததுமே அவர் "லைட்டு போட்டும் எரியலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றார். என் சீட்டில் உட்கார்ந்திருந்தபோது கண்ணுக்கு நேராகச் சிவப்புப் பட்டன் உள்ளே அமுங்கி இருந்ததைப் பார்த்திருக்கிறார், எரிகிறதா என்று அவரே ஒரு தடவை அழுத்திப் பார்த்ததில் அது வெளியே வந்துவிட்டதாம். ஏன் சொல்லவில்லை என்றேன். "உங்க பையன்கிட்ட சொன்னேனே, அடுத்த நாளே போன் பண்ணி விசாரிச்சார்ல. நான் அம்மாகிட்ட பேசிக்கிறேன், நீங்க வேற யார்கிட்டயும் சொல்லிக் குழப்ப வேணாம்னார், அதான் பேசாம இருந்துட்டேன்" என்றார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள், அதைத் தொடாமலே எழுந்து வந்துவிட்டேன்.

நீ எலக்ட்ரிக்கல் படித்தவன். பட்டன் அமுங்கியிருந்து விளக்கு எரியவில்லை என்றால் ஒயரில் கோளாறு, அந்த வண்டியில் கடைசியாக ஒயரில் கை வைத்தது நீ. இதைக் கணக்குப் போட உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். தெரிந்துகொண்டேதான் அதற்கப்புறம் எனக்குப் போன் செய்து ஒத்துக்கொள்ளச் சொன்னாய். தெரிந்துகொண்டேதான் டாக்டரிடம் காட்டச் சொன்னாய், கடிகாரம் சரியாக வரைந்தேனா என்று அக்காவிடம் கேட்டாயாமே. உன் கௌரவம் கெடக்கூடாது, அத்தான் முன்னால் உன் படிப்பு குறையக்கூடாது, அதற்கு உன் அம்மாவின் புத்தியைப் பலி கொடுக்கலாம், அப்படித்தானே. ரப்பர் வைக்காததை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, வயிறு எரிகிறது. பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி எழுதுகிறேனே என்றும் எரிகிறது.

வீட்டில் யாரிடமும் இன்னும் வாய் திறக்கவில்லை. எலக்ட்ரீஷியன் புது ஒயர் இழுத்து ரப்பர் வளையமும் வைத்துவிட்டார், ஹார்னும் விளக்கும் சேர்ந்து வேலை செய்கின்றன. வருகிற ஞாயிற்றுக்குப் பிறகு வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு உன் அக்காவும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வருகிறார்கள், வண்டியைக் கைமாற்றுகிற பேப்பரில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். சலவைக்கூடத்து சூப்பர்வைசரையும் வரச் சொல்லியிருக்கிறேன், என் வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்கலாமா என்று அவர் அன்றைக்குத்தான் முடிவு சொல்வார். கையெழுத்து நான் போடப்போவதில்லை. ஏன் என்று கேட்பார்கள்.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், இதை மனசாரத்தான் எழுதுகிறேன். குழந்தைக்குக் குளிரில் காதை மூடி விடுங்கள், மருமகளை வேளைக்குச் சாப்பிடச் சொல். ஞாயிறு பத்து மணிக்குப் போனை நடு மேஜையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்திருப்பேன், பத்தே காலுக்குள் கூப்பிடு. கூப்பிடாவிட்டால் நான் சொல்லிவிடுவேன், அதற்கு எனக்குத் தைரியம் இருக்கிறது. உன் வாயிலிருந்து வந்தால் என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைப்பான், என் வாயிலிருந்து வந்தால் வண்டி மட்டும்தான் கிடைக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா